பதினோராவது பொருத்தம்

உலகத்திலேயே ஆரோக்கியமான பிராணி எலிதான். பதினொரு வருடமாக அறிவியல் செய்திகளைப் படித்து நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இது. எலிக்குப் புற்றுநோய் குணமாகிவிட்டது. எலிக்குச் சர்க்கரை போய்விட்டது. கிழட்டு எலி இளமையாகிவிட்டது. பார்வை போன எலிக்குப் பார்வை வந்துவிட்டது. குரும்பகரத்தில் எங்கள் வரப்பில் வளை தோண்டி, கதிரை அறுத்து உள்ளே இழுத்துப் போகும் எலிகளுக்கு மட்டும் இந்தச் சேதி இன்னும் எட்டவில்லை. அவை பழையபடி கிட்டிப் பொறியில் மாட்டிச் செத்துக்கொண்டிருக்கின்றன.

காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். மரபணு, நோய், பயிர் என்று செய்தித்தாளில் எது வந்தாலும் வெட்டி ஒரு கோப்பில் வைப்பது என் வழக்கம். அனுபவத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். "விஞ்ஞானிகள் சாதனை" என்று தலைப்பு இருந்தால் கடைசிப் பத்தியை முதலில் படித்துவிட வேண்டும். 'மனிதர்களின் பயன்பாட்டுக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம்' என்ற வாக்கியம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அதைப் படித்துவிட்டால் காலைக் காப்பியை நிம்மதியாகக் குடிக்கலாம்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளுக்கு ஒன்றரை வயதில் அது தெரியவந்தது. அன்றிலிருந்து வெட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது நெருங்கிவிட்டது. கோப்பு மூன்றாகிவிட்டது.

காரணம் ஒரு மரபணு. எனக்கு அது ஒரு பக்கம் பழுது, ஒரு பக்கம் சரி. என் மனைவிக்கும் அப்படியே. எங்கள் இருவருக்கும் காது பாம்புக் காது. இரண்டு பழுதும் ஒரு பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தால்தான் கேட்காது. பட்டாணிச் செடி வளர்த்த பாதிரியாரின் பாடத்தில் இதுதான் வருகிறது. நான் அதை வருடாவருடம் கரும்பலகையில் கட்டம் போட்டு நடத்துகிறேன். கல்யாணத்துக்கு முன்பும் நடத்தினேன். கட்டத்துக்குள் என் பெயரைப் போட்டுப் பார்க்கத் தோன்றியதில்லை.

போட்டிருந்தால் தெரிந்திருக்கும். என் மாமனார் என் அம்மாவின் தம்பி. மாமியார் என் அப்பாவின் தங்கை. எங்கள் குரும்பகரத்துக்கும் அவர்கள் ஊரான போலகத்துக்கும் ஒரே பந்தலில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். அதனால் எனக்கு மாமா மகளும் அத்தை மகளும் ஒரே ஆள். அவளைத்தான் கட்டிக்கொண்டேன். ஊரில் ஒவ்வொரு தம்பதிக்கும் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளைக் கூட்டினால் எட்டுப் பேர் வருவார்கள். எங்களுக்கு நாலே பேர்.

மகளைப் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது மரபணு ஆலோசனை சொல்லும் பெண் ஒருவர் எங்கள் குடும்பத்தைத் தாளில் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. மாமாவும் கூட வந்திருந்தார்.

"சொந்தத்துல கட்டினீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஆமாங்க. வெளியில குடுத்து எடுத்து எங்களுக்குப் பழக்கமே இல்லீங்க" என்றார் மாமா. குரலில் அத்தனை பெருமை.

அந்தப் பெண் இரட்டைக் கோடாகப் போட்டுக்கொண்டே போனார். மேலே போனது கீழே வந்தது, கீழே வந்தது சுற்றிக்கொண்டு மேலே போனது. கடைசியில் தாள், காரைக்கால்மேட்டில் காயப் போட்ட வலை மாதிரி இருந்தது. மாமா அதை எட்டிப் பார்த்துவிட்டு, தன் பெரியப்பாவை விட்டுவிட்டதாகக் குறை சொன்னார்.

மாமாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். போலகத்தில் அவர் விதைநெல் போடுகிறவர். சோற்றுக்கு நெல் போடுவது யாரும் செய்வது. விதைக்குப் போடுவது விரதம். பக்கத்து வயலில் வேறு ரகம் இருந்தால் நடுவே மூன்று மீட்டர் விட வேண்டும். தன் ரகத்தில் ஒரு பயிர் சற்று உயரமாக நின்றாலோ, இலை நிறம் மாறினாலோ, கதிர் முந்தினாலோ அது கலவன். வேரோடு பிடுங்கிவிட வேண்டும். பார்க்க வரும் விதைச்சான்று அதிகாரி கலவனைத் தேடித் தேடி அலுத்துப்போய் இளநீர் குடித்துவிட்டுப் போவார். நெல்லுக்கு இதெல்லாம் சரி. தன் பூவின் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் பயிர் அது. மாமா நெல்லைப் பார்த்துக் குடும்பம் நடத்தினார். நாங்கள் நெல் இல்லை என்பதுதான் பிரச்சினை.

நான் வெட்டும் செய்திகளை மாமாவுக்கும் படித்துக் காட்டுவேன். மரபணுவைத் திருத்திய நெல் வரப்போகிறது என்று ஒருமுறை படித்தேன். "எத்தனை நாள் வயசு? காத்தடிச்சா சாயாம நிக்குமா?" என்று கேட்டார். அந்த இரண்டும் செய்தியில் இல்லை. "அப்புறம் என்னா செய்தி?" என்றார். இன்னொரு முறை, காது கேளாத குழந்தைகளுக்கு மரபணுவையே உள்ளே செலுத்திக் கேட்கவைத்திருக்கிறார்கள் என்ற செய்தி. எலி இல்லை, குழந்தைகள். கடைசிப் பத்திக்குப் போனேன். அது வேறு மரபணு. எங்கள் வீட்டு மரபணுவுக்கு இன்னும் எலிதான். அதற்கும் மாமா, "எத்தனை நாளாவும்?" என்றுதான் கேட்டார்.

மகளுக்கு அதுவரை காத்திருக்கவில்லை. சின்ன வயதிலேயே உள்காதில் கருவி வைத்துவிட்டார்கள். வெளியே காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் பாகத்தை வீட்டில் மிஷின் என்போம். மாட்டினால் கேட்கும், பேசுவாள், பள்ளிக்கூடத்தில் வாயாடி என்று பெயர் வாங்கியிருக்கிறாள். கழற்றினால் ஒன்றும் கேட்காது. ஆனால் உதட்டைப் பார்த்தே பாதி ஊர்க்கதையைத் தெரிந்துகொள்வாள். எங்கள் வீட்டில் சண்டையிலிருந்து வெளிநடப்புச் செய்ய வசதியுள்ள ஒரே ஆள் அவள்தான். குரல் உயர்ந்ததும் மிஷினைக் கழற்றி, டப்பாவில் வைத்து மூடிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். எனக்குப் பல நாள் பொறாமையாக இருந்திருக்கிறது.

மிஷினில் பச்சையாக ஒரு சின்ன விளக்கு மினுங்கும். அவள் முன்னால் ஏதாவது வேண்டாததைப் பேச வேண்டுமென்றால் முதலில் அந்த விளக்கைப் பார்ப்போம். யாராவது வந்திருக்கிறார்களா என்று வாசலில் செருப்பைப் பார்ப்பது போல எங்களுக்கு அது பழகிவிட்டது.

இனி விஷயம். எனக்கு ஒரு தங்கை, என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. என் மனைவிக்கு ஒரு தம்பி, துறைமுகத்தில் வேலை. இரண்டு பேரும் ஆறு வருடமாக யாருக்கும் தெரியாமல் போனில் பேசிக்கொள்கிறார்கள் என்பது இரண்டு ஊருக்கும் தெரியும். தடை சொல்ல ஆளில்லை. அவனுக்கு இவள் முறைப்பெண், அதுவும் இரண்டு வழியில். கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா மகனையும் அழைத்துக்கொண்டு தட்டோடு குரும்பகரம் வந்துவிட்டார்.

"தை பொறந்ததும் நிச்சயம். மாசியில கல்யாணம். பத்துப் பொருத்தத்துல எட்டு இருக்குது, ரஜ்ஜு நல்லாருக்கு. வேற என்னா வேணும் மாப்ள?"

நான் பதினோராவது பொருத்தம் ஒன்று வைத்திருந்தேன்.

"ரத்தத்தையும் ஒரு தடவ பாத்துடலாம் மாமா."

"ரத்தமா? ஒரே ரத்தம்தானே, அதுல என்னா பாக்குறது?"

"அதனாலதான் மாமா."

எங்கள் பழுது மகளின் ரிப்போர்ட்டிலேயே எழுதியிருக்கிறது, தங்கைக்கும் மச்சானுக்கும் அதே இடத்தில் மட்டும் பார்த்தால் போதும், சின்னப் பரிசோதனைதான் என்று விளக்கினேன். இருவரில் ஒருவருக்கு இல்லையென்றால் கவலையே இல்லை. இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

"நாலுல ஒண்ணுதானேடா?" என்றாள் அம்மா. "அந்த ஒண்ணு ஒனக்கு வந்துடுச்சுல்ல? மிச்சம் மூணும் தங்கச்சிக்கு நல்லாத்தான் பொறக்கும்."

இந்த விடையை என் மாணவர்கள் எழுதினால் சுழிப்பேன். அம்மாவுக்கு மார்க் போட முடியாது.

மாமாவின் முகம் மாறிவிட்டது. "ரெண்டு பேருக்கும் இருக்குதுன்னு வந்துட்டா?"

"யோசிக்கணும் மாமா."

"யோசிக்கிறதுன்னா நின்னு போவும்னு சொல்லுங்க. ஊர்ல கேட்டா என்னான்னு சொல்லுவேன்? ரத்தத்துல குத்தம்னா? நம்ம வூட்டு ரத்தத்துல அப்படி என்னா கொறைங்குறேன்?"

சமையல்கட்டு வாசலில் தங்கை நின்றிருந்தாள். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் ஓரத்தில் மகள் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள். அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த நாள். தலை காயும்வரை மிஷின் மாட்டக் கூடாது என்பது வீட்டு விதி, என் மனைவி போட்டது. தலை ஈரமாக இருந்தது. அதனால் யாரும் விளக்கைப் பார்க்கவில்லை. முடிக்கு அடியில் விளக்கு தெரிந்திருக்கவும் செய்யாது.

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்குப் பூட்டில்லை. "கொற இல்லையா?" என்றேன். "இவள மாதிரி இன்னொண்ணு வந்துடக் கூடாதுன்னுதான் மாமா சொல்றேன். ஒண்ணுக்கே நாங்க பட்டது போதாதா?"

மகள் முறுக்கைக் கீழே வைத்தாள். ஈர முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னாலிருந்து மிஷினைக் கழற்றினாள். டப்பாவில் வைத்து மூடினாள். அந்த மூடி மூடுகிற சத்தம் அத்தனை பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது. அத்தையின் கல்யாணப் பேச்சைக் கேட்கவேண்டும் என்று விதியை மீறி மாட்டியிருக்கிறாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று தவளைப் பாடம் நடத்தும்போது நானே சொல்வதுண்டு.

மாமா எழுந்துகொண்டார். "பாத்துடுங்க. ரெண்டு பேருக்கும் இருக்குதுன்னு வந்துச்சுன்னா நான் பையனுக்கு வெளியில பொண்ணு பாத்துடுவேன். பேரப்புள்ளைய இன்னொரு தடவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலைய என்னால முடியாது." தட்டை விட்டுவிட்டுப் போனார். அதிலிருந்த வெற்றிலையை யாரும் தொடவில்லை. மறுநாள் அம்மா அதைத் துளசிமாடத்தில் வைத்தாள்.

என் மனைவி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. "சாதம்", "ரசம்" என்று பெயர்ச்சொற்கள் மட்டும் வந்தன.

தங்கை அப்படியில்லை. "கேட்டது சரிதாண்ணே. சொன்னதுதான் சரியில்ல" என்றாள். பிறகு, "நான் தெனம் பத்துப் பேருக்கு ரிப்போர்ட் எடுத்துக் குடுக்குறேன். எனக்கு மட்டும் என்ன பயம்?" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆறு வருடக் கனவை நான் ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு மூடிவிட்டேன் என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. நல்லதுக்குத்தான் செய்தேன் என்பதும் தெரிந்திருந்தது. இரண்டும் தெரிந்திருப்பது உடம்புக்கு நல்லதில்லை.

மச்சானின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தது அவளேதான். ஆறு வருடத்தில் அவள் அவனைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை என்று இரண்டு பேரும் இன்றுவரை சொல்கிறார்கள். நானும் நம்புகிறேன். ரத்தம் சென்னைக்குப் போனது. வருவதற்குச் சில வாரம் ஆகும் என்றார்கள். செய்தித்தாளின் கடைசிப் பத்தி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது.

மகள் வழக்கம்போல்தான் இருந்தாள். பள்ளிக்கூடம் போனாள், சாப்பிட்டாள், கேட்டதற்கு "ம்" என்றாள். ஒரு நாள் கோப்பைப் புரட்டியபோது காது செய்தியில் 'குறைபாடு' என்ற வார்த்தையைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தது. அடுத்த பக்கத்தில் ஒன்று. அதற்கடுத்ததில் மூன்று. மூன்று கோப்பிலும் ஒன்று விடாமல் போட்டிருந்தாள். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. நான் கோப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். பாடம் நடத்த வரும், விளக்கம் சொல்ல வரும், இது வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்பதற்குப் பதில் புது ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கித் தருவார்கள். நானும் வாங்கித் தந்தேன். நன்றி என்றாள்.

மார்கழியில் கதிர் வாங்கியதும் கலவன் பிடுங்க மாமா கூப்பிட்டார். கோபம் கோபம்தான், கலவன் கலவன்தான். மகளைக் கட்டாயம் அழைத்து வரச் சொன்னார். அவள் கண்ணுக்குத் தப்பிய கலவன் கிடையாது. கரையில் நின்றபடியே கை நீட்டுவாள், அங்கே ஒன்று இருக்கும். அன்றும் ஒரு கைக்கட்டு சேர்ந்தது. உயரமாக, கதிர் முற்றிய பயிர்கள்.

"இத என்ன செய்வீங்க தாத்தா?" என்று கேட்டாள்.

"மாட்டுக்குப் போடுறதுதான்."

"கெட்ட நெல்லா?"

"யாரு சொன்னா? நல்லா வெளைஞ்சா சோறாக்கித் திங்கலாம். அது பாட்டுக்கு நல்ல நெல்லுதான். வெத மூட்டையில இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். விளக்கு பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"வெயில் ஏறுது, போவலாம்" என்றேன்.

ரிப்போர்ட் மாட்டுப் பொங்கலன்று வந்தது. போலகத்து ஆட்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். வாசலில் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் காய்ந்துகொண்டிருந்தது. தங்கையின் போனில் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தவள் போனை அப்படியே மச்சானிடம் நீட்டிவிட்டாள். அவன் வாங்கிப் பார்த்தான், ஒன்றும் புரியாமல் என்னிடம் தந்தான். இரண்டு பக்கம்தான். அவனுக்கு இருக்கிறது. அவளுக்கு இல்லை.

"தங்கச்சிக்கு இல்ல" என்றேன். "ஒருத்தருக்கு இல்லன்னா போதும். கல்யாணத்த வச்சுக்கலாம்."

அம்மா கும்பிட்ட சாமிகளை எண்ண முடியவில்லை. என் மனைவி தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமாவின் முகத்தில் மட்டும் ஒரு நிமிஷம், வயலில் கலவன் இருக்கிறது என்று அதிகாரி சொல்லிவிட்டது போன்ற ஒரு கலக்கம். "அப்ப எம் பையங்கிட்டதான் இருக்குதா?" என்றார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். மச்சான் ஓடிப்போய் ஜாங்கிரி வாங்கி வந்தான். நான் அன்று அந்த வீட்டின் ஹீரோ. என் தோளைத் தட்டாத கை இல்லை.

மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பன்னா அத்தைக்குப் பொறக்குற பாப்பாவுக்கு நல்லாக் கேக்குமாப்பா?"

"அந்தப் பழுது ரெண்டு பக்கத்துலேருந்தும் வராதும்மா. நல்லாக் கேக்கும்."

"என்ன மாதிரி இருக்காதுல்ல?"

"இருக்காதும்மா" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது.

அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஆளாளுக்கு ஜாங்கிரி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். "சரி" என்றாள். மிஷினைக் கழற்றினாள், டப்பாவில் வைத்து மூடினாள், ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் மாதிரி ஒரு பிள்ளை இனி வராது என்பதற்காக ஒரு வீடே இனிப்புத் தின்றுகொண்டிருந்தது. முதல் துண்டை என் வாயில்தான் ஊட்டியிருந்தார்கள். எழுந்து போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். உதடு தெரியும்படி, மெதுவாக, "அப்பாவ மன்னிச்சுடு" என்றேன்.

அவள் என் வாயையே பார்த்தாள். "கேக்கலப்பா."

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு. மன்னிச்சுடும்மா."

"கேக்கல."

நாலு வீடு தள்ளி நின்று பேசினாலும் உதட்டைப் படிக்கிறவள். கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள். எனக்கு மெல்லப் புரிந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் ஒன்று என்னிடம் உண்டு. அதை எடுத்தேன்.

"இவள மாதிரி இன்னொண்ணு வரக் கூடாதுன்னு நான் சொன்னது தப்பு! அப்படிச் சொல்லிருக்கவே கூடாது! என்ன மன்னிச்சுடு!"

கூடத்தில் பேச்சு நின்றது. மாமாவின் கையிலிருந்த ஜாங்கிரி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. வாசலில் மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.

மகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தன் அம்மாவை, தாத்தாவை, அத்தையை, தாய்மாமனை. யாரையும் விடவில்லை, வயலில் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

"இப்ப எல்லாருக்கும் கேட்டுச்சா?" என்றாள்.

கேட்டது என்று எல்லாரும் தலையாட்டினோம். அவள் டப்பாவைத் திறந்தாள்.